கார்த்திகை மாதத்துப் பதநீர்

துப்பறிகிறவர் எங்கள் பக்கம் ஒருமுறையாவது வரமாட்டாரா என்று முப்பது வருஷத்துக்கு மேலாகக் காத்திருந்தேன். நான் சொல்வது நிஜ ஆளை இல்லை, கதையில் வருகிறவரை. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய புத்தகம், மஞ்சள் பூத்த தாள், மேலட்டையில் எப்போதும் பயந்துபோன ஒரு பெண். வருஷத்துக்கு நாலைந்து வரும். அவர் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் ஒரு பிளாஸ்க் நிறையச் சுக்குக் காப்பி எடுத்துப் போவார். கடைசி அத்தியாயத்தில் சந்தேகப்பட்ட ஆட்களையெல்லாம் ஓர் அறையில் உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வருவார். ஒருவருக்கு மட்டும் ஊற்றமாட்டார். பிளாஸ்க்கின் மூடியைத் திருகிவிடுவார். அந்த ஆள்தான் கொலைகாரர்.

எத்தனை புத்தகம் வந்தாலும் இது மாறாது. மாறாது என்று தெரிந்தும், மூடியைத் திருகுகிற இடம் வரும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில், ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிப்பதற்கென்று ஒரு புத்தகம் வாங்கினார். துண்டைப் போட்டால் எடுத்து வீசிவிடுகிறார்களாம். வீட்டுக்கு வந்ததும் அதைப் பரண்மேல் எறிந்தார். நான் எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். முடிக்க ஒரு மாசம் ஆனது. முடித்த அன்றைக்கு, கொன்றது யார் என்று எனக்குத் தெரியும், இந்த ஊரில் வேறு ஒருத்திக்கும் தெரியாது என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. அடுத்த தடவை டவுனுக்குப் போனபோது இன்னொன்று வாங்கி வந்து மாவு டப்பாவின் மேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இன்றுவரை அப்படித்தான். அவரும் கொடுத்ததாகச் சொல்வதில்லை, நானும் வாங்கியதாகச் சொல்வதில்லை.

துப்பறிகிறவர் ஊட்டிக்குப் போனார், சேலத்துக்குப் போனார், கும்பகோணத்தில் இரண்டு கொலையைக் கண்டுபிடித்தார். மதுரைவரை வந்தார். பரமக்குடியைத் தாண்டவே இல்லை. எங்கள் பக்கத்தில் கொலை செய்கிற அளவுக்குப் பெரிய ஆள் யாரும் இல்லை என்று எழுதுகிறவர் நினைத்துவிட்டார் என்று எனக்கு ஒரு வருத்தம்.

இந்த வருஷம் பங்குனியில் மாவு டப்பாமேல் புதிய புத்தகம் இருந்தது. திறந்தேன். முதல் பக்கத்திலேயே, சாயல்குடியைத் தாண்டியதும் ஜீப் தெற்கே திரும்பியது என்று இருந்தது. விரலை வைத்து மறுபடி வாசித்தேன். சாயல்குடிதான், அச்சில். நான் கண்ணாடி வாங்கப் போகிற சாயல்குடி. அந்த வளைவில் நிற்கிற வேலமரம்கூட எனக்குத் தெரியும். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் தனியாக வாசிக்க மனசு வரவில்லை. களத்துக்கு எடுத்துப் போனேன்.

களம் என்றால் எங்கள் மிளகாய் வத்தல் காய்கிற களம். இங்கே மாசி, பங்குனியில் ஒவ்வொரு வீட்டு வத்தலையும் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து பிரித்துக் கொடுப்போம். இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு. நிறம் வெளுத்த சோடை வத்தலைத் தனியாகப் பொறுக்கிப் போட வேண்டும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டாலும் தும்மல் நிற்காது. வத்தலில் கை வைத்தவர்கள் கண்ணைத் தொடக் கூடாது, பிள்ளையைத் தொடக் கூடாது, வீட்டுக்குப் போய் எண்ணெய் போட்டுக் கழுவும்வரை ஒன்றையும் தொடக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கை இரண்டும் வெந்தமாதிரி ஆகி, இனி மிளகாயைத் தொடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து ஆடு விரட்டுவதும் தண்ணீர் மோந்து கொடுப்பதும்தான் எனக்கு வேலை. எல்லாரும் பாடுபடும்போது நான் மட்டும் வெள்ளைக் கையோடு உட்கார்ந்திருப்பது கூச்சமாக இருக்கும்.

போன வருஷம்தான் என் தண்ணீர்க் கூடையில் இருந்த புத்தகத்தைப் பக்கத்து வீட்டு மருமகள் பார்த்துவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள். அவள்தான், சும்மா இருக்கிற நேரம் சத்தமாக வாசியுங்கள் என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. கல்யாணப் பந்தியில் ரசம் வேண்டுமென்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மோருக்குப் போகிறவள் நான். ஆனால் எல்லாரும் என்னைப் பார்க்காமல் வத்தலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வாசிக்க முடிந்தது. இப்போது புத்தகம் இல்லாமல் போனால் விடமாட்டார்கள். ஒரே ஒரு சட்டம். வீட்டில் போய் முன்கூட்டிப் படிக்கக் கூடாது. கொலைகாரர் யார் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிய வேண்டும்.

சாயல்குடி என்று வாசித்ததும் பிரிக்கிற கை எல்லாம் நின்றுவிட்டது. என் நாத்தனார் மூக்குத் துணியை இறக்கிவிட்டு, அந்த வரியை இன்னொருக்கா வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. மூன்றாம் தடவையும் வாசித்தேன்.

கதை இதுதான். கடலோரத்தில் ஓர் உப்பள முதலாளி, கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் காலை அவருடைய பங்களாவில் செத்துக் கிடக்கிறார். சந்தேகப்பட நாலு பேர். அவருடைய தம்பி, அக்காள் மகன், கணக்கப்பிள்ளை, பிணத்தைப் பார்க்க வந்த டாக்டர். அடைமழை என்பதால் உப்பளத்தில் வேலை நின்றிருந்தது, பாத்தியெல்லாம் தண்ணீர் என்று எழுதியிருந்தது. சரியாக எழுதியிருக்கிறாரே என்று எங்களுக்கெல்லாம் பெருமை. எழுதினவர் இங்கே வந்து தங்கிப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று நாத்தனார் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் வாசிக்கும்போது அந்த இடம் வந்தது. கொலை நடந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று துப்பறிகிறவர் கணக்கப்பிள்ளையைக் கேட்கிறார். விடியற்காலையில் பனங்காட்டுக்குப் போய், அப்போதுதான் இறக்கிய பதநீர் குடித்துக்கொண்டிருந்தேன் என்று அவன் சொல்கிறான். துப்பறிகிறவர் தலையை ஆட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறார்.

அடுத்த வரியில் கண் போகவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு தூக்குச் சட்டி நிறையப் பதநீர் இருந்தது. எங்களோடு வேலைக்கு வருகிற ஒரு தங்கச்சியின் புருஷன் பனை ஏறுகிறவர். அவள் காலையில் கொண்டுவந்தது. பங்குனியில் பதநீர் இருக்கும். கார்த்திகையில்?

வாசிப்பதை விட்டுவிட்டு வாயைத் திறந்தேன். "இவன் பொய் சொல்லுறான். இவன்தான் கொன்னவன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னது அதுதான் முதல்முறை. குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஆனாலும் சொன்னேன். அடைமழையில் யார் பனை ஏறுவார்கள், கார்த்திகையில் ஏது பதநீர் என்று.

பனைக்காரத் தங்கச்சி தொடையில் அடித்துக்கொண்டாள். "ஆமாக்கா. தை பொறந்துதான் எங்க வீட்டுல அருவாளையே தீட்டுவாக. கார்த்திகையில பாளை ஏது, பதனி ஏது? பொய்யி, சுத்தப் பொய்யி."

அதற்குப்பின் களத்தில் ஒரே பேச்சு. உப்பளத்தை அவ்வளவு சரியாக எழுதினவருக்குப் பதநீர் தெரியாமலா இருக்கும், இது வேண்டுமென்றே போட்ட முடிச்சுத்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு மருமகள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டர் பிணத்தின் மணிக்கட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் செத்த நேரத்தைச் சொன்னான், அதைக் கவனித்தீர்களா என்று கேட்டாள்.

"நீ டாக்டரைச் சொல்லு, நாங்க கணக்கனைச் சொல்லுறோம்" என்றாள் நாத்தனார். "எங்க மதினி முப்பது வருசமா ஒரு வார்த்தை பேசினதில்ல. ஒண்ணு பேசினா அது சரியாத்தான் இருக்கும்."

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா எங்க மதினி இனிமே கதை வாசிச்சு முடிச்சுட்டு வாயை மூடிக்கிருவாக."

என்னைக் கேட்காமலே எனக்காகப் பந்தயம் கட்டிவிட்டாள். வேறு நாளாக இருந்தால் அங்கேயே மண்ணுக்குள் போயிருப்பேன். அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை. மூன்று நாள் வீட்டில் நடை வேறாக இருந்தது. புளி கரைக்கும்போதும் கணக்கப்பிள்ளை, கோழி அடைக்கும்போதும் கணக்கப்பிள்ளை. துப்பறிகிறவர் அவனைத் தாண்டிக் காப்பியைக் கொண்டுபோகிற மாதிரி நினைத்துப் பார்ப்பேன். முப்பது வருஷத்தில் அவருக்கு முன்னால் நான் கண்டுபிடித்தது இதுதான் முதல்முறை. தம்பியைச் சந்தேகப்பட வைக்க ஓர் அத்தியாயம் எழுதியிருந்தார். நான் மசியவில்லை.

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம் இருந்தபோது, மத்தியானம் திடீரென்று மேகம் கூடித் தூறல் விழுந்தது. வத்தல் நனைந்தால் போச்சு. எல்லாரும் ஓடித் தார்ப்பாயை இழுத்து மூடினோம். அன்றைக்கு வாசிப்பு அவ்வளவுதான். புத்தகத்தை நான் மடியில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் சட்டப்படி திறக்கக் கூடாது. திறக்கவில்லை. மறுநாள் காலை பால் காய்கிறவரைக்கும் திறக்கவில்லை.

பால் காய நேரம் எடுக்கும் அல்லவா? ஒரே ஒரு பக்கம் என்று நினைத்தேன். அக்காள் மகனுக்குக் காப்பி கொடுத்தார். தம்பிக்குக் கொடுத்தார். நேரே கணக்கப்பிள்ளையிடம் போனார். டம்ளர் நிறைய ஊற்றி, சூடாக இருக்கிறது பார்த்துக் குடியுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். டாக்டரைப் பார்த்து மூடியைத் திருகினார்.

பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரர் பாலைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். முதன்முதலாக அவரிடம் ஒரு கதையைச் சொன்னேன். பதநீரைச் சொன்னேன், பந்தயத்தையும் சொன்னேன். அவர் வாசல் பக்கம் திரும்பி நின்று யோசித்தார்.

"மாத்தி வாசிச்சிரு. அவளுக எல்லாருக்கும் கையில மிளகா. எவளும் புத்தகத்தை வாங்கிப் பாக்க முடியாது."

அதை நானும் நினைத்திருந்தேன். அவர் சொன்னபிறகுதான் எனக்கு வெட்கமாகப் போனது. ஆனாலும் களத்துக்குப் போகும் வழியெல்லாம் அதையேதான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

அன்றைக்கு யாரும் தாமதமாக வரவில்லை. பனைக்காரத் தங்கச்சி பதநீர்ச் சட்டியைத் திறக்கவே இல்லை, கணக்கன் மாட்டின பிறகு குடிப்போம் என்றாள். எனக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தார்கள். நான்தானே மோந்து கொடுக்கிறவள்? வாங்கிக் குடித்தேன்.

வாசித்தேன். அக்காள் மகனுக்குக் காப்பி. தம்பிக்குக் காப்பி. பக்கத்து வீட்டு மருமகள் வத்தலைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். துப்பறிகிறவர் கணக்கப்பிள்ளையிடம் வந்தார் என்பதுவரை அச்சில் இருப்பதைத்தான் வாசித்தேன். அதற்குப்பின் என் வாய் தானாகப் போனது. "அவனைத் தாண்டி டாக்டரிடம் போனார். டாக்டருக்கு ஊற்றிக் கொடுத்தார். பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார்."

களமே கூச்சல். நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள். ஒருத்திக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் தும்மலும். இன்னும் வாசியுங்கள், எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டார்கள். நான் புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னேன். துப்பறிகிறவர் கணக்கப்பிள்ளையிடம், நீ வெளியூர்க்காரன், பனை எப்போது பதநீர் கொடுக்கும் என்று உனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வேறு பொய் சொல்லியிருப்பாய் என்றார். அன்றைக்குச் சொக்கப்பனை கொளுத்தின சாம்பல்கூட மழையில் கரைந்துபோயிருந்தது, அந்த மழையில் எந்தப் பனை ஏறினான் உன் ஆள், பேரைச் சொல் என்றார். எங்கிருந்து எனக்கு இதெல்லாம் வந்தது என்று தெரியவில்லை. காப்பியை மாற்றுவதைத் தாண்டி முன்கூட்டி யோசித்தது ஒன்றுமில்லை. ஒரு வரி சொன்னால் அடுத்த வரி வந்து நின்றது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், ஆனாலும் அதுதான் உண்மை.

அப்போது பக்கத்து வீட்டு மருமகள் சொன்னாள். "சரித்தான் அத்தை. நீங்க சொன்னதுதான் சரி. நான் தோத்துட்டேன்."

நல்ல பிள்ளை. முகம் சுருங்காமல்தான் சொன்னாள். டாக்டர் என்று அவள் முன்னால் சொன்னதுதான் அச்சில் இருந்தது. அது என் விரலுக்குக் கீழேயே இருந்தது. நான் அடுத்த வரியைத் தேடினேன், வரவில்லை. அவள் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு, கேலியில்லாமல்தான் கேட்டாள்.

"ரொம்பப் பெரிய பக்கமா இருக்கே அத்தை? இன்னும் திருப்பவே இல்லையே?"

எழுந்து ஆட்டை விரட்டப் போய்விடலாமா என்று பார்த்தேன், ஓர் ஆடும் இல்லை.

"இல்லத்தா" என்றேன். "புத்தகத்துல டாக்டருதான். நீ சொன்னதுதான் சரி. நான் காலையிலேயே பாத்துட்டேன். இதெல்லாம் நானாச் சொன்னது."

இனிமேல் இந்தக் களத்தில் என் குரல் எடுபடாது என்று நினைத்தேன். சட்டத்தை மீறினேன், பொய்யும் வாசித்தேன். பக்கத்து வீட்டு மருமகள் வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பாருங்கள், பாருங்கள், அந்த மணிக்கட்டு என்று எல்லாரையும் முழங்கையால் இடித்தாள். அவளுக்குச் சிரிக்க உரிமை இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பனைக்காரத் தங்கச்சி சிரிக்கவில்லை. "அது கெடக்கட்டும்க்கா. அந்தக் கணக்கன் குடிச்ச பதனிக்கு என்ன பதில் போட்டிருக்கு?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பதிலும் இல்லை. கணக்கப்பிள்ளை காப்பியைக் குடித்து முடித்து, கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறான். பதநீரைப் பற்றிப் பேச்சே இல்லை. எழுதினவருக்கு அது முடிச்சே இல்லை. கார்த்திகையில் பதநீர் இருக்காது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

நான் இதைச் சொன்னதும் அவர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். நாங்கள் ஆறு நாளாக அவரை நம்பியிருந்தோம். சாயல்குடி வளைவில் ஜீப்பை மட்டும் திருப்பினால் போதுமா, பனைமரத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டாமா என்று ஒருத்தி கேட்டாள். பொய் சொன்னவனை விட்டுவிட்டானே, இவன் என்ன துப்பறிகிறவன் என்றாள் நாத்தனார். முப்பது வருஷமாக அவரை மரியாதையாகச் சொல்லி வந்தவள் நான். அன்றைக்கு நாத்தனார் அவன் இவன் என்றபோது நான் தடுக்கவில்லை.

"நீங்க விட்ட எடத்துலருந்து சொல்லுங்க மதினி" என்றாள் அவள். "பேரைச் சொல்லுன்னு கேட்டாருல்ல. கணக்கன் என்ன சொன்னான்?"

அது புத்தகத்தில் இல்லையே என்றேன்.

"புத்தகம் பொய்யின்னு ஆகிப்போச்சு. அதுல என்ன இருந்தா என்ன?"

பக்கத்து வீட்டு மருமகளைப் பார்த்தேன். ஜெயித்தவள் அவள். அவள் சம்மதிக்க வேண்டும். டாக்டரும் கூட்டு என்று வைத்துச் சொல்லுங்கள், அப்போது நானும் ஜெயித்த மாதிரி ஆகும் என்றாள். சரி என்றேன். புத்தகத்தை மூடித் தண்ணீர்க் கூடையில் போட்டேன். இப்போது பார்த்து வாசிக்க ஒன்றும் இல்லை. எல்லாரும் வத்தலைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்கள். முதல் இரண்டு வரி திக்கியது. கணக்கன் டாக்டரைத் திரும்பிப் பார்த்தான் என்று சொன்னதும் சரியாகிவிட்டது. இரண்டு பேருக்கும் இடையில் என்ன என்று ஒருத்தி கேட்க, பனங்காட்டுத் தகராறு என்று நான் சொல்ல, எந்தப் பனங்காடு என்று இன்னொருத்தி கேட்க, கதை எங்கள் ஊர் எல்லைக்கே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மூட்டை ஏற்ற டிராக்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, இங்கன எல்லாரும் என்ன சும்மா உட்கார்ந்திருக்கீங்க, எழுந்து சாக்கைப் பிடிங்க என்று சத்தம் போட்டார். பேர்கூடத் தெரியாத வெளி ஆண்பிள்ளை. அப்படி ஒருவர் வந்தால் நான் முந்தானையை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விடுவேன்.

"செத்த இருங்கய்யா" என்றேன். "இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

அவர் என் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் கணக்கனை வாசல்வரை ஓடவிட்டேன்.